சிவப்பட்டையின் கடைசிப் பக்கம்

போன வாரம் நிரோஷாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படமும் ஒரு கேள்வியும் வந்தன. நான் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து தேய்த்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். எங்கள் பஸார் நூலகத்தின் புது நூலகர். கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் எதையும் துடைத்துப் பளிச்சென்று வைத்தால்தான் அவளுக்கு நிம்மதி.

“அங்கிள், புதுசா ஒரு படிவம் வந்திருக்கு. ஒவ்வொரு நாவலுக்கும் நேரா ‘எந்த வாசகருக்கு ஏற்றது’ன்னு எழுதணுமாம். கொலைக் கதைன்னா காரணமும் எழுதணும். இந்தச் சிவப்பட்டைக்கு என்ன போடுறது? கதைக்குப் பேரும் இல்ல, எழுதினவர் பேரும் இல்ல. இன்னொண்ணு, கடைசிப் பக்கத்துல யாரோ பென்சிலால கிறுக்கியிருக்காங்க. அதுக்குக் கீழ நம்ம சீல் வேற குத்தியிருக்கு. அழிச்சிடவா?”

நான் பதில் எழுதவில்லை. உடனே போன் போட்டேன்.

“அடியே, அழிறப்பரக் கீழ வையி!” என்று நான் போட்ட சத்தத்தில் என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

நிரோஷா சிரித்தாள். “ஏன் அங்கிள், அது என்ன தங்கமா?” என்றாள். தங்கம்தான் என்றேன். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். நிரோஷா, நீ கேட்டது ஒரு வரிப் பதில், நான் எழுதுவது இவ்வளவு. பொறுத்துக்கொள், பென்ஷன்காரனுக்கு வேறு என்ன வேலை?

நான் றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா பெக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்தவர். எனக்குத் தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் வரும் என்பதற்காக நூலக உதவியாளர் வேலை கிடைத்தது. பயிற்சி என்று கொழும்புக்குக் கூப்பிட்டு மூன்று மாதம் வைத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்ததில் முக்கால்வாசி பஸ் ஏறும்போதே மறந்துவிட்டது. நெஞ்சில் நின்றது ஒன்றே ஒன்று: இரகசியப் பக்கம். முதல் பக்கத்தில் குத்தும் முத்திரையைத் திருடன் கிழித்துவிடுவான். அதனால் புத்தகத்துக்குள் ஏதாவது ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் இன்னொரு முத்திரை குத்தி வைக்க வேண்டும். அது எந்தப் பக்கம் என்று நூலகத்துக்காரர்களுக்கு மட்டும் தெரியும். எங்கள் நூலகத்தின் இரகசியப் பக்கம் எது என்று இப்போதும் நான் இங்கே சொல்லப்போவதில்லை.

என் மேலதிகாரி சோமலதா மிஸ். சிங்களப் பெண்மணி, அப்போது நாற்பது வயதிருக்கும். கண்டிச் சேலையான ஒசரிதான் கட்டுவார். மூக்குக்கண்ணாடியில் ஒரு கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். வாசகர் யார் வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். பிரதேச சபைத் தலைவர் வந்தபோதே எழுந்திருக்காதவர். “புத்தகம் எடுக்க வந்தவங்க புத்தகத்தப் பாக்கட்டும், என்ன என்னத்துக்குப் பாக்கணும்?” என்பார். என்னைக் கூப்பிடுவது “மல்லி” என்று. சொந்தத் தம்பியைக் கூப்பிடுவதுபோல.

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேச்சுத் தமிழே பாதிதான். ஆனால் தமிழ் அலுமாரிக்கும் அவர்தான் பொறுப்பு. நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பு ஏதோ ஒரு தமிழ் நாவலைப் பற்றி ஒரு தகப்பன் போய்ச் சபையில் சத்தம் போட்டிருக்கிறார். “நீங்க படிக்காத புத்தகத்த எப்படி மிஸ் ஊருக்குக் குடுத்தீங்க?” என்று சபையில் கேட்டார்களாம். அந்தக் கேள்வி அவரைச் சுட்டுவிட்டது. அதிலிருந்து ஒரு சட்டம் வைத்தார்: எந்தத் தமிழ்ப் புத்தகமும் அலுமாரிக்குப் போகுமுன் மிஸ்ஸின் காதுக்குப் போக வேண்டும்.

அதாவது, நான் படித்துவிட்டு அவருக்குச் சிங்களத்தில் கதை சொல்ல வேண்டும். காலை பத்து மணிக்குப் பிளேன்டி என்ற வெறுந்தேநீரும் கித்துள் கருப்பட்டித் துண்டும் வரும். மிஸ் அந்தப் புத்தகத்தை மூடித் தனக்கு முன்னால் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். நான் ஆரம்பிக்க வேண்டும். நான் எங்கேயாவது இழுத்தால் “ஈட்ட பஸ்ஸே?” என்பார். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்கிறார். அந்த இரண்டு சொல்லுக்குப் பயந்து நான் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்ததுண்டு.

கதை முடிந்ததும் தீர்ப்பு. எல்லோருக்கும் என்றால் புத்தகத்தின் முதுகில் பச்சைப் பொட்டு. பெரியவர்களுக்கு மட்டும் என்றால் மஞ்சள். பூட்டிய அலுமாரிக்கு என்றால் சிவப்பு. அவர் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். இதில் முத்தம் இருக்கிறதா, இரத்தம் இருக்கிறதா என்று அவர் கேட்டதே கிடையாது.

“இதப் படிச்சு முடிச்சிட்டு ஒரு ஆள் வீட்டுக்குப் போனா, அந்த வீட்டுல இருக்கிறவங்களுக்கு நல்லதா, கெட்டதா, மல்லி?”

நிரோஷா, இத்தனை வருஷத்தில் எத்தனையோ சுற்றறிக்கை படித்துவிட்டேன். இதைவிட நல்ல கேள்வி எதிலும் வரவில்லை.

நான் சேர்ந்து நாலாவது வருஷம், ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஊரை விட்டுப் போகும்போது ஒரு பெட்டி புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒன்றுக்கு அட்டை இல்லை. முதல் நாலு பக்கமும் இல்லை. படித்துப் பார்த்தால் அருமையான கொலைக் கதை. பஸ் சீட் தைக்கும் கடையில் மிச்சம் கிடந்த சிவப்பு ரெக்சின் துண்டை வாங்கி நானே கட்டினேன். அன்றிலிருந்து அதற்குப் பெயர் சிவப்பட்டை.

கதை இதுதான். ஒரு மலைப் பங்களா. மழை நாள். உள்ளே பூட்டிய அறையில் எசமான் செத்துக் கிடக்கிறார். வீட்டில் ஆறு பேர். போலீஸ் முதலில் பிடிப்பது கார் டிரைவர் வேலுவை. பிறகு ஓய்வுபெற்ற ஓர் இன்ஸ்பெக்டர் வந்து, வேலு செய்திருக்க முடியாது என்று ஆதாரத்தோடு காட்டி விடுவிக்கிறார். வேலு நல்லவன். வேலைக்காரர்களுக்கு உதவுவான், கிழட்டு நாய்க்குச் சோறு பிசைந்து வைப்பான், இன்ஸ்பெக்டருக்கே துணையாக அலைவான். படிக்கிறவர்கள் எல்லாரும் அவன் பக்கம் சாய்ந்த பிறகு, கடைசி அத்தியாயத்தில், கொன்றது அந்த வேலுதான் என்று வரும். அவனைக் கொண்டு போவார்கள். இன்ஸ்பெக்டர் காப்பியைக் குடித்துவிட்டு ரயிலேறுவார். கதை முடிந்தது. முதல் தடவை படித்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மிஸ்ஸுக்கு இதை ஒன்பது நாள் சொன்னேன். ஒன்பது நாளும் அவர் கருப்பட்டியைக் கடிக்க மறந்தார். வேலுவை விடுதலை செய்த அன்று இரண்டு கையையும் கூப்பி “அனே, ஹொந்தாய்!” என்றார். நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷம். பத்தாம் நாள் கடைசி அத்தியாயம். நான் வாயைத் திறக்குமுன் அவரே கேட்டார்.

“டிரைவர் செய்யலதானே, மல்லி?”

முகத்தைப் பார்த்தேன். கேள்வி கதையைப் பற்றியது அல்ல. மிஸ்ஸின் தம்பியும் லொறி டிரைவர். நாடு கொந்தளித்துக் கிடந்த ஒரு காலத்தில் ஒருநாள் விசாரிக்க என்று கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. இது பஸாரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் அவர் முன்னால் பேசுவதில்லை. எனக்கும் தெரியும். ஆனால் ஒன்பது நாளும் கதை சொல்லுகிற மிதப்பில் அது என் மண்டையில் ஏறவேயில்லை. மடையன்!

“இல்ல மிஸ்” என்றேன். “டொக்டர்தான் செஞ்சார்.”

பாவம், அந்தக் கதையில் டொக்டர் வந்து நாடி பார்த்துவிட்டுப் போகிற இரண்டு பக்க மனிதர். அவர் தலையில் மொத்தப் பழியையும் கட்டினேன். மருந்துக் குப்பி, பழைய பகை, பின்பக்கத்து ஜன்னல் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அடித்துவிட்டேன். வேலு காரை எடுத்துக்கொண்டு மலையிறங்கி ஊருக்குப் போகிறான் என்று முடித்தேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள், நான் ஒரு பொய் சொல்லி ஒருவனைத் தூக்கிலிருந்து இறக்கினேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். பச்சைப் பொட்டை அவரே எச்சில் தொட்டு ஒட்டினார்.

பொய் சொல்வது லேசு, காவல் காப்பதுதான் கஷ்டம். சிவப்பட்டை பஸாரில் பிய்த்துக்கொண்டு போனது. படித்தவர்கள் கவுண்டரில் நின்று “கடைசியில டிரைவர்தானாமே!” என்று பேச ஆரம்பித்தார்கள். மிஸ்ஸுக்கு ‘டிரைவர்’ என்ற சொல் விளங்காதா? அன்றைக்கே ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட்டேன்: ‘கொலையாளி யார் என்று இங்கே சொல்பவர்களுக்கு இரண்டு வாரம் புத்தகம் கிடையாது.’ ஹார்ட்வெயார் கடை முஸ்லிம் நானா ஒருவர், என் நல்ல வாசகர், “என்ன தம்பி, கொல செஞ்சவனவிட அதச் சொன்னவனுக்குத் தண்டன கூடவா இருக்கு?” என்று சிரித்தார். வாசகர்களின் சுவாரசியம் கெடாமல் இருக்க நான் பாடுபடுவதாக ஊர் நினைத்தது. மிஸ்ஸும் அப்படித்தான் நினைத்து என்னைப் பாராட்டினார்.

இப்படிப் பன்னிரண்டு வருஷம் ஓடிப்போனது.

ஒரு வெள்ளிக்கிழமை பாக்கியம் அக்கா வந்தார். மேல் டிவிசனில் கொழுந்து எடுப்பவர், ஐம்பது வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு. விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படிப்பார். வருஷத்துக்கு ஒருமுறை விரதக் கதைப் புத்தகம் எடுப்பார், வேறு எதற்கும் வரமாட்டார். அன்று கவுண்டரில் கையை வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தம்பி, கொலக் கேஸு பத்தி எதும் புஸ்தகம் இருக்குங்களா?”

அவருடைய ஒரே மகன் ரவி மாணிக்கக் குழியில் வேலைக்குப் போனவன். இரண்டு மாதத்துக்கு முன் குழிக்காரர்களுக்குள் கைகலப்பாகி ஒருவர் செத்துவிட்டார். பிடிபட்ட நாலு பேரில் ரவியும் ஒருவன். ரிமாண்டில் இருக்கிறான்.

“அக்கா, சாமி புஸ்தகம் புதுசா வந்திருக்கு, தரட்டுங்களா?”

“சாமி புஸ்தகம் வீட்டுல இருக்குதுங்க தம்பி. ரத்தினபுரி கோர்ட்டுல தவணைக்குப் போனா காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் பெஞ்சியில உக்காந்திருக்கேன். அவங்க பேசுறது ஒண்ணும் வெளங்கல. பிடிச்சுட்டுப் போனா அப்புறம் என்னென்ன செய்வாங்க, எப்படி விடுவாங்கன்னு ஒரு புஸ்தகத்துல இருந்தா படிச்சிருவேன்.”

மிஸ்ஸுக்குக் ‘கொல’ என்ற சொல் எட்டிவிட்டது. என்ன என்று கேட்டார். நான் சிங்களத்தில் சுருக்கமாகச் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, மிஸ் எழுந்தார். பதினாறு வருஷத்தில் வாசகர் ஒருவருக்காக அவர் எழுந்ததை அன்றுதான் பார்த்தேன். நேராகத் தமிழ் அலுமாரிக்குப் போனார். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, சிவப்பு நிறம் தெரியாதா? சிவப்பட்டையை உருவி எடுத்து வந்து பாக்கியம் அக்காவின் கையில் வைத்தார்.

“அம்மா, இது எடு. டிரைவர் பிடிக்கிறது. ஆனா அவன் செய்ய இல்ல. கடைசி வெளிய வாறது. அம்மா பயப்பட வேணாம், ஹரி? சரியா?”

பாக்கியம் அக்கா புத்தகத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். தேதிச் சீட்டில் முத்திரை குத்த வேண்டியது நான். குத்தினேன். அந்தக் கையை வெட்டிப் போட்டாலும் தகும் என்று அப்போது தோன்றியது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பெற்ற வயிறு அந்தக் கதையை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்து, வேலுவில் தன் பிள்ளையைக் கண்டு, விடுதலையானதும் மனம் குளிர்ந்து, கடைசி அத்தியாயத்தில் போய் விழும். அதுவும் நல்ல முடிவு என்று ஒரு படித்த அம்மா கையில் கொடுத்த புத்தகத்தில். பைண்டிங்குக்கு வேண்டும் என்று சொல்லித் திருப்பி வாங்கி, கடைசி அத்தியாயத்தைப் பிளேடால் அறுத்துவிடலாமா என்று யோசித்தேன். நூலகத்துக்காரன் செய்யக்கூடாத முதல் பாவம் அது. அதையும் செய்யத் துணிந்துவிட்டேன். மிஸ்ஸின் முகத்தில் முழிக்க மட்டும் துணிவு வரவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பிளேன்டி வந்தது. மிஸ் அன்றைய புத்தகத்தை மூடிக் கையை வைத்துக்கொண்டார். நான் ஆரம்பிக்கவில்லை.

“மிஸ், சிவப்பட்டையில டொக்டர் செய்யல.”

அவர் கை புத்தகத்தின் மேலேயே இருந்தது.

“அப்ப டிரைவர்தான்?”

“ஆமா மிஸ். நான்தான் மாத்திச் சொன்னேன். புத்தகத்த வாங்கிக் கடைசி அத்தியாயத்த அறுத்துடலாமான்னு பாக்குறேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வெளியே பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சிங்களத்தில் பேசினார். “தம்பியக் கூட்டிட்டுப் போன நாள்ல இருந்து எங்க அம்மா சாகிற வரைக்கும் வாசக்கதவச் சாத்த விடல, மல்லி. அவன் ஏதாவது செஞ்சானா, செய்யலயான்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் யாரும் இல்ல. நீ அந்தக் கதையச் சொன்ன நாள் மட்டும் வீட்டுக்குப் போய் நிம்மதியாச் சாப்பிட்டேன். உனக்கு அந்த நன்றி இருக்கு.” பிறகு குரல் மாறியது. “ஆனா அந்தத் தோட்டத்து அம்மாவுக்கு நான் பொய் சொல்லிட்டேன். என் வாயால. புத்தகத்துல கை வைக்காதே. நீ போய்ச் சொல்லு. இந்த நூலகத்துல கதை சொல்றது உன் வேலைதானே?”

மறுநாளே அரை நாள் லீவு கொடுத்து என்னை அனுப்பினார். மேல் டிவிசனுக்குப் பஸ் பாதி வழிதான் போகும், மிச்சம் நடை. நான் போய்ச் சேர்ந்தபோது வேலை முடிந்து எல்லாரும் லயத்து வீடுகளுக்குத் திரும்பியிருந்தார்கள். பாக்கியம் அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “என்னா தம்பி இம்புட்டுத் தூரம்? புஸ்தகத்துக்குத் தவண முடியலையே!” என்றார். அவருக்குத் தவணை என்றால் கோர்ட்டும் ஒன்று, நூலகமும் ஒன்று.

உள்ளே கூட்டிப் போய் ஸ்டூல் போட்டார். சிவப்பட்டை, சாமி படத்துக்குக் கீழே, ஒரு சுத்தமான துவாயில் சுற்றி வைத்திருந்தது.

“அக்கா, அந்தக் கதையோட கடைசி…”

“படிச்சிட்டேங்க.”

“கடைசி வரைக்குமா?” என்றேன்.

“பொறுக்க முடியல, அதனால கடைசிய முதல்லயே படிச்சிட்டேன். இப்பதான் முதல்ல இருந்து படிச்சிக்கிட்டு வாரேன். மிஸ் அம்மா பாவம், எனக்குத் தைரியம் வரட்டும்னு மாத்திச் சொல்லிட்டாங்க.”

“மிஸ் சொல்லலக்கா. நான்தான் மிஸ்ஸுக்கே மாத்திச் சொன்னேன்” என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மிஸ்ஸின் தம்பி கதையையும் சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடித்துக்கொண்டே கேட்டார். கோபம் ஒன்றும் இல்லை.

“விடுங்க தம்பி. எம் மகன் என்ன செஞ்சான்னு எனக்குத் தெரியாது. கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்கிறப்ப ‘சாப்பிட்டியாப்பா’ன்னு தவிர வேற ஒண்ணும் கேக்கத் தோணல. செஞ்சிருந்தாலும் எம் புள்ள, செய்யாட்டியும் எம் புள்ள. அதுக்கு நான் அழல. எனக்கு அந்தப் புஸ்தகத்து மேல ஒரே ஒரு கோவந்தான்.”

“என்ன கோவம்?”

அவர் துவாயைப் பிரித்துப் புத்தகத்தை எடுத்தார். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு தீக்குச்சி அடையாளத்துக்கு வைத்திருந்தது. விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினார். வேலு ஒரு டின்னிலிருந்து முறுக்கு எடுத்து நாய்க்குப் போடுகிறான். அம்மா ஊரிலிருந்து கொடுத்து அனுப்பிய முறுக்கு. அரை வரி. அந்தப் புத்தகத்தை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அந்த அரை வரி என் கண்ணில் பட்டதே இல்லை.

“அப்ப அவனுக்கு ஒரு அம்மா இருக்கா, இல்லியா? இத்தனை பக்கம் எழுதினவரு, அவனக் கொண்டு போனதுக்கப்புறம் அந்தப் பொம்பள என்ன ஆனான்னு ஒரு வார்த்த எழுதலயே! இன்ஸ்பெக்டரு காப்பி குடிச்சத எழுதுறாரு.” அவருக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. “இன்னொண்ணு தம்பி. அங்க கோர்ட்டுல, செத்துப்போன புள்ளையோட அம்மாவும் வருது. சிங்களப் பொம்பள, என் வயசுதான். நானும் அதுவும் ஒரே பெஞ்சியிலதான் உக்காருறோம். வேற பெஞ்சி இல்ல. மொகத்த மொகம் பாக்குறதில்ல, ஒரு வார்த்த பேசினதில்ல. செத்த எசமானுக்கும் ஒரு அம்மா இருந்திருக்கும். அதயும் காணோம்.”

நூலகத்துக்காரன் என்று பேர், புத்தகத்தைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. புத்தகத்தைக் கொண்டு போய்விடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார். பிறகு, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார்.

“மிஸ் அம்மாவுக்குச் சொன்னீங்களே, அந்தக் கதைய எனக்கும் சொல்லுங்க தம்பி. பொய்யின்னு தெரிஞ்சுதான் கேக்குறேன்.”

சொன்னேன். முதல் தடவையாக அந்தப் பொய்யைத் தமிழில் சொன்னேன். மருந்துக் குப்பி, பழைய பகை, பின்பக்கத்து ஜன்னல். வேலு காரை எடுத்துக்கொண்டு மலையிறங்கிப் போகிறான். அந்த இடத்தில் நான் நிறுத்தவில்லை. ஊரில் அவன் அம்மா வாசலில் நிற்கிறாள், கார்ச் சத்தம் கேட்டதும் முறுக்கு டின்னைத் தேடுகிறாள் என்று சேர்த்துக்கொண்டேன். பாக்கியம் அக்கா அழுகையும் சிரிப்புமாக, “ஆமா, தேடத்தானே செய்வா!” என்றார். கடைசி பஸ் போய்விடும் என்று அவரே என்னை எழுப்பி அனுப்பினார்.

மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முறுக்கு விஷயத்தைச் சொன்னபோது “ஈட்ட பஸ்ஸே?” என்று கேட்கவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எங்கள் சட்டப்படி ஒரு புத்தகத்துக்கு இரண்டு தடவைதான் தவணை நீட்டிக்கலாம். பாக்கியம் அக்கா ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் சிவப்பட்டையைப் பையில் வைத்துக்கொண்டு போவார், வரும் வழியில் நூலகத்தில் காட்டுவார். மிஸ் ஒவ்வொரு முறையும் தன் கையாலேயே தேதி போட்டுக் கொடுத்தார். தேதிச் சீட்டு நிரம்பிவிட்டால் அதன்மேல் இன்னொன்று ஒட்டினார். மிஸ் ஓய்வுபெற்றுப் போகும்போது சாவிக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான். “அந்த அம்மாவோட தேதிய மறந்துடாதே, மல்லி.” வருஷா வருஷம் கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் “சிவப்பட்டை எங்கே?” என்பார்கள். “வாசகரிடம்” என்று எழுதுவேன். ஹார்ட்வெயார் நானா, “அந்த வாசகர் மனப்பாடம் பண்றாரா தம்பி?” என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனார்.

வழக்கு மூன்று வருஷம் நடந்தது. ரவியும் சேர்ந்துதான் அடித்தான் என்று தீர்ப்பாயிற்று. திட்டம் போட்டுச் செய்ததல்ல, சண்டையில் நடந்தது என்று நீதிபதி சொன்னாராம். ஆனாலும் சிறை. பாக்கியம் அக்கா அதன் பிறகும் தேதி போட்டுக்கொள்ள வந்தார். இப்போது கோர்ட்டுக்குப் பதில் ஜெயிலுக்குப் போய் வந்தார், அவ்வளவுதான்.

நான் ஓய்வுபெறுவதற்கு ஒரு வருஷம் முந்தி, ஒரு காலை நேரம், அவர் கவுண்டருக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு மெலிந்த மனிதன், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். யார் என்று கேட்கத் தேவையில்லை. நான் எழுந்து நின்றேன். மிஸ் செய்ததை ஒருமுறையாவது நானும் செய்ய வேண்டாமா?

“புஸ்தகம் முடிஞ்சிருச்சு தம்பி. எடுத்துக்கங்க” என்றார்.

ரவிதான் துவாயைப் பிரித்துப் புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினான். “நானும் உள்ள ஒருக்கா வாங்கிப் படிச்சேன் சார்” என்றான். நான் வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் படி இறங்குமுன் வழக்கம்போல் பக்கங்களைப் புரட்டினேன். திரும்பி வரும் எந்தப் புத்தகத்தையும் அப்படிப் புரட்டிப் பார்த்து, பென்சில் கீறல் இருந்தால் அழிப்பது என் பழக்கம். கடைசிப் பக்கத்தில், இன்ஸ்பெக்டர் ரயிலேறுகிற இடத்துக்குக் கீழே, வெற்றிடத்தில், அஞ்சாம் வகுப்புக் கையெழுத்தில், ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி எழுதியிருந்தது:

‘வேலுவின் அம்மாவும் செத்தவரின் அம்மாவும் ஒரே பெஞ்சியில் இருந்தார்கள். தீர்ப்பு நாளில் பேசினார்கள்.’

நான் வாசலுக்கு ஓடினேன். “அக்கா! என்னக்கா பேசினீங்க?”

பாக்கியம் அக்கா படியில் நின்று திரும்பினார். “தீர்ப்பு சொன்னப்ப நான் மயங்கிச் சரிஞ்சிட்டேன் தம்பி. அந்தம்மாதான் புடிச்சுது. தண்ணி குடுத்துட்டு, ‘பத் கேவத?’ன்னு கேட்டுச்சு. சாப்பிட்டியான்னு. நான் இல்லன்னேன். அதுவும் இல்லன்னுச்சு. அது கொண்டு வந்த பார்சலப் பிரிச்சு ரெண்டு பேரும் தின்னோம்.”

அவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தார். நான் உள்ளே வந்தேன். அழிறப்பர் மேசையில் கிடந்தது. அதை லாச்சிக்குள் போட்டு மூடினேன். நூலக முத்திரையை எடுத்து, மையில் நன்றாக அழுத்தி, அந்த வரிக்குக் கீழே குத்தினேன். மற்றப் புத்தகங்களுக்கு இரகசியப் பக்கம் வேறு. இந்தப் புத்தகத்துக்கு இதுதான். இந்த வரியும் நம் நூலகத்துச் சொத்து.

நிரோஷா, படிவத்தில் பச்சை என்று போடு. காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதாதே. யாராவது கேட்டு வந்தால் நாற்காலி போட்டு உட்கார வை. கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டு.